மணிச்சரத்தில் ஒரு பொத்தான்

ஓவாம்போ நாட்டில் நிச்சயித்த பெண் பிள்ளையாகச் சுமக்கும் பொம்மைக்கு மாப்பிள்ளைதான் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரே தலைப்பிள்ளைக்கும். நேற்று முழுக்க வால்விஸ் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கிவிட்டுப் பேருந்து பிடித்த ஹைம்போடிக்கு, இன்று விடியும்போதுதான் பெயர் தோன்றியது: ஷிவுதே. யாரிடமும் சொல்லவில்லை. இருந்த சந்தோஷத்துக்குப் பேருந்திலேயே பொம்மைக்கு மணிச்சரம் கோத்தான். கடைசியில் ஒரு மணி குறைந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக் கோத்து முடித்தான்.

தனக்கு நிச்சயித்த துயேனியின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். அவள் முதுகில் பொம்மையைக் கட்டிக்கொண்டு கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

"துயேனி! பேரு கொண்டாந்திருக்கேன்!"

அவளும் அவள் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆரம்பிச்சிட்டாரு பாரு அத்தான்!" என்றாள் தங்கை.

"ஷிவுதே தானே? அதான் நேத்துக் காலையிலேயே வந்து சொல்லிட்டீங்களே," என்றாள் துயேனி.

"நேத்தா? நேத்து நான் துறைமுகத்துல இருந்தேன்டி!"

"இப்படிச் சொல்வீங்கன்னும் சொன்னீங்க. 'நாளைக்கு வருவேன், ஒண்ணும் தெரியாத மாதிரி நடிப்பேன், நம்பிடாதே'ன்னு." சிரிப்பு அடங்காமலே பொம்மையை அவிழ்த்து நீட்டினாள். "இந்தாங்க, உங்க புள்ளையப் புடிங்க."

பொம்மையின் கழுத்தில் மணிச்சரம் இருந்தது. அதன் கடைசியில் ஒரு சட்டைப் பொத்தான்.

ஹைம்போடி மூடியிருந்த கையை விரித்துப் பார்த்தான். அவன் கோத்த சரம் பொத்தானோடு பத்திரமாக இருந்தது.

"சட்டையப் பாருங்க அத்தான், நெஞ்சு தெரியுது," என்றாள் தங்கை.

குனிந்து பார்த்தான். அவன் பிய்த்தது ஒரு பொத்தான். சட்டையில் இரண்டைக் காணோம்.