நாலாவது வரி

“இந்தப் பக்கத்தை முதல்ல தூக்கணும்” என்றார் கணவர்.

மனைவி எட்டிப் பார்த்தார். லேப்டாப் திரையில் ‘என் தவறுகள்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஏழு வரிகள். எந்தக் கட்டுரை, அதில் என்ன தப்பு, கண்டுபிடித்தவர் யார் என்று ஒவ்வொரு வரியிலும் விவரம்.

மனைவி வேதியியல் பேராசிரியை. குடிதண்ணீரில்தான் ஆராய்ச்சி. துறைத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். புதன்கிழமை இன்டர்வியூ. தேர்வுக் குழுவினர் அதற்குள் அவருடைய வெப்சைட்டை ஒரு புரட்டு புரட்டிவிடுவார்கள் என்று கேள்வி.

கணவருக்குச் சொந்த அச்சகம். மனைவிக்கு வெப்சைட் செய்து கொடுத்ததும், அவ்வப்போது மெருகு போடுவதும் அவர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையிலிருந்து உட்கார்ந்து, பழைய போட்டோவை மாற்றி, கட்டுரைகளைத் தேதிவாரியாக அடுக்கி, எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார்.

“எந்தக் கடைக்காரனாவது சொத்தைக் கத்தரிக்காயை வாசல்ல அடுக்கி வைப்பானா?”

“நான் கடை வைக்கலையே.”

“உன்கூடப் போட்டிக்கு நிக்கறாரே, அவரோட வெப்சைட்டைப் பார்த்தேன். விருது, மேடை, மைக்! தப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது.”

“ஒருவேளை அவர் தப்பே பண்ணியிருக்க மாட்டார்.”

“பண்ணாம இருப்பாரா? வெளியில சொல்லியிருக்க மாட்டார்!”

பேராசிரியை சிரித்தார். “மத்ததையெல்லாம் உங்க இஷ்டம்போல மாத்துங்க. அதுல மட்டும் கை வைக்காதீங்க.”

அவர் உள்ளே போனதும் கணவர் அதிலேயே கை வைத்து, பக்கத்தைத் தூக்கினார். எல்லாம் அவள் நல்லதுக்குத்தானே? இன்டர்வியூ முடிந்ததும் திரும்பப் போட்டுவிட்டால் போச்சு.

வியாழக்கிழமை மாலை முடிவு தெரிந்துவிட்டது. மனைவிதான் துறைத் தலைவர். கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடும் யோசனையையும் கைவிட்டார். அது இல்லாததால்தானே பதவி கிடைத்தது?

மறுநாள் மதியம் அச்சகத்தில் இருந்தபோது கணவரின் செல்போன் அடித்தது. பெண் குரல்.

“சார், பேராசிரியை அம்மாவோட வெப்சைட்டைப் பார்த்துக்கறது நீங்கதானே? அடியில இந்த நம்பர் இருந்துச்சு.”

“ஆமா, சொல்லுங்க.”

“அதுல தவறுகள்னு ஒரு பக்கம் இருக்குமே, இப்ப காணோம். நாலாவது வரி நான்தான் சார். இன்னிக்கு மூணு மணிக்கு அதிகாரிங்க அதைப் பார்க்கணும். கொஞ்சம்...”

கணவருக்குச் சுருக்கென்றது. பதவி கிடைத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் அதிகாரிகளிடம் கோள் மூட்டக் கிளம்பிவிட்டாளா?

“ஏம்மா, அடுத்தவங்க தப்பை ஊருக்கே காட்டறதுல அப்படி என்ன சந்தோஷம் உங்களுக்கு?”

“அப்படியில்ல சார்...” என்று மெதுவாக வந்தது.

அவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் பேராசிரியைக்கு மதியம் வகுப்பு கிடையாது. இருவரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் பெருமையாக ஆரம்பித்தார்.

“பொறாமைக்காரி ஒருத்தி போன் பண்ணா. நறுக்குன்னு கேட்டு வெச்சுட்டேன்.”

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, பேராசிரியையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அந்தப் பக்கத்தை எடுத்துட்டீங்களா?”

“அது வந்து...”

“மணி என்ன இப்ப?”

“ரெண்டு நாற்பது.”

“சாப்பிட்டது போதும், எழுந்திருங்க! மூணு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ!”

கணவர் அவசரமாகக் கை கழுவிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார். நல்லவேளை, அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தார். மனைவி பின்னால் நின்றபடியே பேசினார்.

“எங்க லேப்ல ஆறு வருஷம் குடுவை கழுவினவ. என் கட்டுரை ஒண்ணு அச்சாகி வந்த வாரம், அதுக்குத் தண்ணி பிடிச்சு வெச்ச பழைய குடுவைகளைக் கழுவிட்டிருந்தா. ‘அம்மா, இந்தத் தெருத் தண்ணி எப்பவும் வெள்ளையா உப்புப் படியும், தேய்ச்சே என் கை ஓஞ்சிடும். இதுல ஒண்ணுமே படியலையே’ன்னு கேட்டா. எடுத்துப் பார்த்தா, ரெண்டு தெருவோட லேபிளும் இடம் மாறியிருக்கு! உடனே பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். போன வருஷம் லேப்ல ஆள் குறைச்சப்போ அவ வேலை போயிடுச்சு. இப்ப தண்ணீர் பரிசோதனை நிலையத்துல கூப்பிட்டிருக்காங்க. விண்ணப்பத்துல இந்தப் பக்கத்தோட முகவரியைத்தான் எழுதியிருக்கா.”

ரெண்டு ஐம்பத்து மூன்றுக்குப் பக்கம் வந்துவிட்டது. கணவரே அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

“அம்மா, போட்டுட்டேன். நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க.”

“பரவாயில்ல சார். உள்ளே கூப்பிடறாங்க, வெச்சிடறேன்.”

அதன்பிறகு அவர் அச்சகத்துக்குப் போகவே இல்லை. வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். நாலரை மணிக்குப் பேராசிரியையின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

“திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாங்களாம்.”

கணவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் புரியவில்லை.

“ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே? இதுக்காக உன் தப்பையெல்லாமா ஊர் பார்க்கத் தொங்க விடணும்?”

“கடிதம் எழுதாம இருப்பேனா? தப்பைக் கண்டுபிடிச்ச அந்த ஏழு பேருக்கும் எழுதினேன். ‘நேர்மையானவர், கடுமையாக உழைப்பவர்’னு. வேலை குடுக்கறவங்க யாரும் மடிப்பைக்கூடப் பிரிச்சுப் பார்க்கலை” என்றார் பேராசிரியை. “வெப்சைட்ல ‘ஒரு பேராசிரியையோட தப்பையே கண்டுபிடிச்சவங்க’ன்னு போட்டேன். உடனே கூப்பிட்டாங்க!”