செவ்வுடையைக் கண்ட நாள்

ஜெயக்கொடியின் மூக்குக்கண்ணாடி எந்தச் செடியைப் பார்த்தாலும் அது அந்தக் கணமே அலுவலகத்தில் பதிவாகிவிடும். செடிகளைக் கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாகத் தேடிய செவ்வுடைப் புதரை அவள் கடைசியில் கண்டது செம்மணல் மேடான தேரிக்காட்டில், அக்கா சந்தனக்கனியின் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால். மஞ்சள் பூவும் இலைக்காம்பின் சிவப்பும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சந்தோஷத்தில் அவள் கண் கலங்கி நிற்கும்போதே, பக்கத்தில் நின்ற அக்காவின் போனுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அரிய செடியின் வாழிடமாம். அங்கிருக்கும் பன்னிரண்டு வீடுகளும் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம்.

"என்னட்டி பண்ணித் தொலைச்ச?" என்றாள் அக்கா.

"நான் பேசிப் பாக்கேன்க்கா."

அந்தச் செடியின் விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும், ஆடு போனால் செடியும் போய்விடும் என்று அதிகாரியிடம் மன்றாடினாள்.

"பதிவானது பதிவானதுதாம்மா. நானே நினைச்சாலும் அழிக்க முடியாது" என்றார் அவர்.

இரண்டு மழைக்காலம் கழித்து செடியைப் பார்த்துவர அவளையே அங்கே அனுப்பினார்கள். வேலிக்குள் வீடுகள் இடிந்து கிடந்தன. புதர் பட்டுப்போயிருந்தது. அதனடியில் விதையோடு காய்ந்த நெற்றுகள் குவிந்து கிடந்தன. ஒரு நாற்றுகூட இல்லை. அக்காவுக்குப் போன் செய்தாள்.

"உங்கிட்ட ஒரு ஆடுகூடவா மிச்சம் இல்லக்கா?"

"அவங்க குடுத்த ஒன்பதாவது மாடி வீட்டுல ஆட்டை எங்கட்டி கட்ட? எல்லாம் கசாப்புக்குப் போயாச்சு." பிறகு அக்கா கேட்டாள். "அந்தச் செடியாவது நல்லாருக்காட்டி?"

"நல்லாருக்குக்கா" என்றாள் ஜெயக்கொடி.