செருகாத ஹெட்ஃபோன்

பல்கலைக்கழகத்தின் மொழி சுயகற்றல் மையத்துக்குத் தமிழ் பழக வரும் மணிப்பூர்க்காரன் தோம்பா மீது மையப் பொறுப்பாளர் சுகந்திக்கு முதலிலிருந்தே சந்தேகம். பாட ஒலிப்பதிவு எதையும் கேட்டு வாங்கமாட்டான். அவள் மேசைக்குப் பின்னாலிருக்கும் பயிற்சி அறையில்தான் உட்காருவான். ஹெட்ஃபோன் ஒயர் எதிலும் செருகாமல் தரையில் கிடக்கும். ஏசிக்காக வருகிறான் என்று நினைத்திருந்தாள். இன்று அம்மாவிடம் பேசிவிட்டு போனை வைத்ததும் உள்ளே முணுமுணுப்பு கேட்டது. கதவில் காதை வைத்தாள்.

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன். அவரு இப்பல்லாம் கை நீட்டுறதில்ல."

சற்றுமுன் அவள் சொன்னதேதான். அதே இழுப்பு, அதே பெருமூச்சு. கதவைத் தள்ளினாள். தோம்பா சங்கடமாகச் சிரித்தான்.

"எவ்ளோ சொன்னாலும் உங்கள மாதிரி வரல மேடம். இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

சுகந்தி துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.