செவலையின் மனக்குறை

கோயில் வாசலில் கட்டியிருந்த செவலைப் பசுவுக்கு மாதக்கணக்கில் மனசே சரியில்லை. கன்று பக்கத்தில் வந்தால் எரிச்சல். இலை அசைந்தால் பயம்.

"கும்பிட வர்றவங்க எல்லாரும் அவங்கவங்க கவலையை என் காதுல சொல்லிட்டுப் போறாங்க. அத்தனையும் எனக்குள்ளேயே தங்கிடுச்சு," என்று முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்தித் தின்றுகொண்டிருந்த காக்கையிடம் புலம்பியது.

"கையோட சர்க்கரைப் பொங்கலும் தர்றாங்களே. நீ கொடுத்து வெச்சவ," என்றது காக்கை.

திருப்பணிக்காகக் கோயிலைப் பூட்டினார்கள். செவலையை ஆற்றங்கரையில் மேயவிட்டார்கள். இரண்டு நாள் பொங்கலை நினைத்துக் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு பசி தாளாமல் புல்லில் வாய் வைத்தது. பத்தாம் நாள் புங்க மரத்தடியில் படுத்து அசைபோடும்போதுதான், இப்படி நிம்மதியாக அசைபோட்டே எத்தனையோ நாளாகிவிட்டது என்று அதற்கு உறைத்தது. கன்று வந்து காதைக் கடித்து இழுத்தது. செவலை அதை நக்கிக்கொடுத்தது.

கோயில் திறந்ததும் முதல் ஆளாக வந்தவர், மகளுக்கு வரன் அமையாத கவலையைச் சொல்லி, வாளி நிறையப் பொங்கல் வைத்தார். செவலை அவர் சொன்னதை முழுக்கக் கேட்டது. பொங்கலைத் தொடவில்லை. வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்று முதல் வாளிப் பொங்கல் காக்கைக்கு என்றானது.

ஒரு மாதம் போயிருக்கும். காக்கை சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கல."

செவலை அசைபோடுவதை நிறுத்தாமல் சொன்னது:

"முதுகுல உண்ணி ஏறிக் கிடக்கு. முன்ன மாதிரி வந்து கொத்தித் தின்னு. அப்புறம் பேசலாம்."