அவசர மணி

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

உள்ளே இரண்டே பேர். மேலாளர்; அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பெண். கொஞ்ச நேரத்துக்கு முன், "யாராவது உடனே மேல வாங்க!" என்று கீழே ஃபோன் போட்டு அவர் கத்திய கத்தலில், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல் ஓடிவந்தவள்.

செல்ஃபோனில் சிக்னல் இல்லை. மேலாளர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கீழே ஃபோன் மணி அடிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறானுங்க!"

பெட்டியின் கைப்பிடி அவள் விரல்களை அறுத்தது. கீழே வைக்கலாமென்று குனிந்தாள்.

"தரையில வைக்காதம்மா, அழுக்காயிடும்."

நிமிர்ந்துகொண்டாள். மின்விசிறியும் நின்றுபோயிருந்தது. மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. மறுபடி அழுத்தினார். மணி மறுபடி அடித்தது.

"இந்த ஃபோனை எடுக்கன்னு ஆளே கிடையாதா?"

"ஒரே ஒரு ஆள் சார். இன்னொரு ஆள் போடுங்கன்னு கேட்டதுக்கு, சும்மா உக்கார ரெண்டு பேர் எதுக்குன்னு நீங்கதான் சொல்லிட்டீங்க."

"சரி, அந்த ஒரு ஆள் எங்க போய்த் தொலைஞ்சான்? வெளிய போனதும் முதல் வேலையா அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"இங்கதான் சார். உங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."