துடைத்த கத்தியும் துடைக்காத கத்தியும்

போர் முடிந்ததும் இரண்டு கத்திகள் முகாம் மேசைக்கு வந்தன. போர் நினைவாக வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடம். மற்றது சமையற்கூடத்துக்குப் போகும்.

சிப்பாயின் கத்தி பதுங்குகுழி தோண்டியது, தகர டப்பா திறந்தது, குண்டடிபட்டவனின் பூட்ஸைக் கிழித்துக் காலைக் காப்பாற்றியது. ஒவ்வொரு முறையும் சிப்பாய் அதைத் துடைத்து எண்ணெய் பூசிவைத்தான். அவன் திரும்பி வரவில்லை. மேஜரின் கத்தி தோலுறையை விட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லை. மழை ஈரத்தில் உள்ளேயே துருப்பிடித்துக் கிடந்தது.

தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி இரண்டையும் உருவிப் பார்த்தார்.

"இது பளபளன்னு இருக்கு. சண்டையையே பார்த்திருக்காது" என்று சிப்பாயின் கத்தியைத் தள்ளிவைத்தார். துருவைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "எதிரியோட ரத்தம்! யாரும் துடைச்சிடாதீங்க."

"அண்ணே, நீங்களே சொல்லுங்க, அது துருதானே?" என்றது சிப்பாயின் கத்தி.

"உன்னை யாருடா தினமும் துடைச்சுக்கச் சொன்னது? போ, வெங்காயம் காத்திருக்கு" என்றது மேஜரின் கத்தி.

அன்று வெங்காயம் நறுக்கிய சமையற்காரர் கத்தியைத் துடைக்க மறந்து, அப்படியே வைத்துவிட்டுப் போனார். முதன்முறையாக, அந்த ஈரம் அதற்குப் பிடித்திருந்தது.