பாட்டை நிறுத்த ஒரு பூசணிக்காய்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பூசணிக்காயில் ஆரம்பிப்பதா, பாட்டில் ஆரம்பிப்பதா? பாட்டிலேயே ஆரம்பித்துவிடலாம். அது சுலபமான பாட்டு.

அதைத் தேர்ந்தெடுத்தவள் கனகமணி. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பயப்படுவதற்குப் பட்டம் கொடுத்தால் அவள்தான் வாங்கியிருப்பாள். சங்கரன்கோவிலில் அவர்கள் கிறிஸ்தவச் சபையில், விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேரைப் பாட வைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மூன்றும் வீட்டில் வாயாடி, மேடையில் ஊமை.

அதில் ஒருத்தி அவள் மகள் ஜெபக்கனி. போன கிறிஸ்துமஸுக்குப் பாதிப் பாட்டில் நின்று, அழுது, மேடையை விட்டு ஓடியவள்.

"இந்தத் தடவையும் நின்னுட்டேன்னா, இனிமே கோயில் பக்கமே வர மாட்டேம்மா" என்று சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து கனகமணிக்குச் சோறு இறங்கவில்லை. தேடித் தேடி அந்தப் பாட்டை எடுத்தாள். மேலே ஏறாது, கீழே இறங்காது. கரிவலம்வந்தநல்லூர் ரோடு மாதிரி நேராகப் போகும். மூச்சு வாங்கவும் இடம் உண்டு.

காய்கறிக் கடை சத்தியநாதன் அண்ணாச்சி ஒத்திகையை எட்டிப் பார்த்தார். அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஏ கனகம், இது தொட்டில் பிள்ளை பாடுத பாட்டுல்லா? பால்புட்டியும் குடுத்துத்தான் மேடையேத்தப் போறியா?"

பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். கனகமணி அவரை மனசுக்குள் வைதாள். வெளியே வையப் பயம்.

ஆர்மோனியம் வாசிக்கிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்முன் மெட்டை மட்டும் கேசட்டில் வாசித்துக் கொடுத்திருந்தார். டேப் ரிக்கார்டர், பக்கத்து வீட்டு ஷரீபா பீவியுடையது. துபாயிலிருந்து அவள் புருஷன் கொண்டுவந்தது.

"பொட்டியத் தாரேன் கனகக்கா. ஆனா பட்டனை நான்தான் அமுக்குவேன்" என்று அவளும் பண்டிகைக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சபையில் பண்டிகை அன்றைக்கு ஒரு கூத்து உண்டு. யாராவது பாடும்போது ஒருவர் எழுந்து, "நிறுத்த ஒரு தேங்காய்!" என்று ஏலம் போலக் கேட்கலாம். பாட்டு நின்றுவிடும். இன்னொருவர், "பாட ரெண்டு தேங்காய்!" என்றால் மறுபடி தொடங்கும். சொன்னவர் சொன்னதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். ராகம் போட்டு நீட்டுகிற பெரியவர்களைத்தான் நிறுத்துவார்கள். பிள்ளைகளை நிறுத்தும் வழக்கமில்லை.

ஷரீபா பட்டனை அமுக்கினாள். பல்லவி வந்தது. கொசு ரீங்காரம் மாதிரிதான், ஆனாலும் வந்தது. முதல் சரணமும் வந்தது. ரெண்டாம் சரணத்தை ஜெபக்கனி தனியாக எடுக்க வேண்டும். பார்க்கப் பயந்து கனகமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நிறுத்த ஒரு பூசணிக்காய்!"

கண்ணைத் திறந்தால், சத்தியநாதன் அண்ணாச்சி பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார். ஷரீபா டக்கென்று டேப்பை நிறுத்தினாள். கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"பச்சப் பிள்ளைகளப் போயி நிறுத்துதீரே, நீரெல்லாம் மனுசனா வே?" என்று தேவசுந்தரம் வாத்தியார் குதித்தெழுந்தார். "பாட ரெண்டு பூசணிக்காய்!"

"நிறுத்த ஒரு மூடை கத்தரிக்காய்!"

"பாட ஒரு சேவல்!"

ஏலத்துக்குக் கட்டிப் போட்டிருந்த சேவல் அந்த நேரம் பார்த்துக் கூவியது.

"அதுவே பாடிருச்சு. பிள்ளைகள இறக்கிவிடுங்க!" என்றார் அண்ணாச்சி.

கோயிலே குலுங்கியது.

"அமுக்கவா வேண்டாமா, ஒரு முடிவாச் சொல்லுங்க!" என்று ஷரீபா கத்தினாள். "பட்டன் தேஞ்சா துபாய்க்குல்லா போணும்!"

மேடையில் மூன்றும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஜெபக்கனிக்கு விக்கலே வந்துவிட்டது.

"பாட ஒரு மூடை உளுந்து!" என்றார் திருவேங்கடம் ஊர்க்காரச் சம்சாரி ஒருவர், சொந்தமாக உளுந்து விதைக்கிறவர்.

அண்ணாச்சி கையை விரித்தார். "உளுந்துக்கு மேல நமக்கு வக்கில்லப்பா. பாடட்டும். முதல்ல இருந்தே பாடட்டும்!"

ஷரீபா கேசட்டைத் திருப்பிச் சுற்றினாள். சிரித்த வாய் மூடுவதற்குள் பாட்டு வந்துவிட்டது. சுலபமான பாட்டல்லவா, கூட்டமும் கை தட்டிச் சேர்ந்துகொண்டது. ரெண்டாம் சரணத்தை ஜெபக்கனி எடுத்தாள் பாருங்கள், மைக் எதற்கு என்று இருந்தது!

பந்தி முடிந்ததும் கனகமணி நேரே அண்ணாச்சியிடம் போனாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் பயத்தை முந்தியது.

"எம் பிள்ளைய நிறுத்த உங்களுக்கு எப்படி அண்ணாச்சி மனசு வந்துச்சு?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீதான் கண்ண மூடிக்கிட்டியே. உம் மக அதுக்கு முன்னாலயே நின்னுட்டா தாயி. கண்ணுல தண்ணி முட்டிருச்சு. டேப்பு அது பாட்டுக்கு ஓடுது. ஊரு கவனிக்கதுக்குள்ள யாராச்சும் கத்தணும்லா? அவ மூஞ்சியப் பாக்கதுக்குப் பதிலா எம் மூஞ்சியப் பாக்கட்டும்னு கத்தினேன். எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம்."

கனகமணி கும்பிடக் கையெடுத்தாள்.

"வெளிய சொல்லிராத" என்றார். "நல்லவம்னு தெரிஞ்சா கடையில கடன் கேப்பாங்க."

அடுத்த வருசம் பாட்டை ஜெபக்கனியே தேர்ந்தெடுத்தாள். மேலே ஏறும், கீழே இறங்கும், நடுவில் வளைந்து வேறு போகும். கனகமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் காய்கறிக் கடைக்குப் போய், கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணாச்சி, இந்தத் தடவை கஷ்டமான பாட்டு. எதுக்கும் ரெண்டு பூசணிக்காய் எடுத்து வச்சிருங்க."